ஜப்பானுக்குப் பின்னால் இருந்த விரிசல்

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலையில் நடக்கிற நம் கூட்டத்தில் போன வாரம் பின்லாந்து ஜெயித்தது. அதற்கு முந்தின வாரம் சிங்கப்பூர். யாருடைய பேரன் எந்த நாட்டில் படிக்கிறானோ, அந்த நாட்டுப் பள்ளிக்கூடம்தான் உலகத்திலேயே உசத்தி என்று அடித்துச் சொல்லிவிட்டு, மூச்சு வாங்க சிமென்ட் பெஞ்சில் உட்காருகிறோம். ஒரு நாட்டில் பரீட்சையே கிடையாதாம். இன்னொரு நாட்டில் பிள்ளைக்குப் பல் விழுந்தால்கூட டீச்சர் வாழ்த்து அனுப்புகிறாராம். என் பேத்தி படிப்பது பொத்தேரியில். அதனால் இந்தப் போட்டியில் எனக்கு நாடே இல்லை. சும்மா காது கொடுத்துக்கொண்டு வருவேன்.

போன வாரம் பின்லாந்துப் பாட்டி, "அங்கெல்லாம் நூறு வருஷத்துப் பழைய ஸ்கூல் பில்டிங்குல சுவத்துல ஒரு கீறல் பார்க்க முடியாது, தெரியுமா?" என்றபோது நான் சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தாய் என்று நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். நடந்துகொண்டே சொல்லக்கூடிய கதை இல்லை அது. பாதியில் யாராவது சுண்டல் வாங்கப் போய்விடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். உங்களுக்கு எழுதுவதில் ஒரு சௌகரியம், மைக்கூடு என்றால் என்ன, பலப்பம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. நம்மில் பாதிப் பேர் பலப்பத்தைத் தின்றவர்கள்தானே.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் பள்ளிக்கூடம் ஒரு பழைய பங்களாவில் நடந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் யாரோ ஒரு கான்ட்ராக்டர் குடும்பத்தோடு வசிக்கக் கட்டியது. அவர்கள் உட்கார்ந்து சாப்பிட்ட கூடத்தில் எட்டாம் வகுப்பு. குதிரை கட்டின இடத்தில் எங்கள் ஐந்தாம் வகுப்பு. குதிரையைக் கட்டும் இரும்பு வளையம் சுவரில் அப்படியே இருந்தது. வாய்ப்பாடு தெரியாதவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நான் அந்த வளையத்தை நிறையப் பிடித்திருக்கிறேன். உள்ளங்கையில் துருவாடை சாயங்காலம் வரை போகாது.

மரச்சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய மேல்தளம் அது. பின்பக்கச் சுவரிலிருந்து ஒரு அரசங்கன்று முளைத்து எங்களைவிட வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. ஈரச் சுண்ணாம்பு வாசனை, வௌவால் எச்சத்தின் வாசனை, மத்தியானக் கோதுமை உப்புமாவின் வாசனை, மூன்றும் சேர்ந்ததுதான் எனக்கு இன்றைக்கும் படிப்பு என்கிற சொல்லின் வாசனை. முன்பக்கத்து நீள வராண்டாவில் ஒன்றாம் வகுப்பு. தண்டவாளம் பக்கத்தில்தான் என்பதால், ரயில் போகிறபோதெல்லாம் மேலேயிருந்து சுண்ணாம்புப் பொடி உதிரும். பிள்ளைகள் சிலேட்டை வாயால் ஊதிவிட்டு எழுதுவார்கள். ஒன்றாம் வகுப்பில் 'அ' கற்றுக்கொள்வதற்கு முன்னால் நாங்கள் எல்லோரும் கற்றுக்கொண்டது அந்த ஊதல்தான்.

என் அக்கா அப்போது எட்டாவது. நம் வயதுக்காரர்களுக்கு எட்டாவது படிக்கிற அக்கா என்றால் என்ன அர்த்தம் என்று தெரியும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடுவார்கள். எங்கள் அப்பா விறகுத் தொட்டி வைத்திருந்தார். தாத்தா காலத்தில் விவசாயம் பார்த்த குடும்பம். நிலம் போனதும் விறகும் சவுக்குக் கட்டையும் விற்க ஆரம்பித்தது. அப்பா கெட்டவர் இல்லை, படிப்புக்கு விரோதியும் இல்லை. ஆனால் உயர்நிலைப் பள்ளி இருந்தது மேற்குத் தாம்பரத்தில். நடுவில் ரயில்வே கேட். "தண்டவாளத்தத் தாண்டி வயசுப் பொண்ணத் தனியா அனுப்பறதா? இன்னா பேச்சு இது?" என்பார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

பெரிய டீச்சர், அதாவது எங்கள் தலைமை ஆசிரியை, இதற்கு ஒரு வழி பார்த்து வைத்திருந்தார். எங்கள் பள்ளிக்கூடத்திலேயே ஒன்பதாம் வகுப்பு ஆரம்பிக்க அனுமதி கேட்டிருந்தார். மேலே சம்மதித்துவிட்டார்கள். கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று இன்ஜினீயர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. சொல்லிவிட்டால் ஜூன் மாதம் அக்கா ஒன்பதாவது. சொல்லாவிட்டால் அக்காவுக்கு அடுப்படி. இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அக்கா அந்த மழைக்காலம் பூராவும் ராத்திரி சாமி விளக்கின் முன்னால் அதிக நேரம் நின்றாள்.

அந்த வருஷ மழை லேசுப்பட்டது இல்லை. வராண்டாச் சுவரில் ஒரு விரிசல் விழுந்தது. உத்தரம் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து சாய்வாக ஜன்னல் வரை இறங்கியிருந்தது. முதலில் பென்சில் கோடு மாதிரி இருந்தது, தீபாவளிக்குள் பலப்பம் நுழைகிற அளவு ஆகிவிட்டது. நாங்கள் நுழைத்தும் பார்த்தோம். திரும்பி வரவில்லை. இன்னும் எத்தனை பிள்ளைகளின் பலப்பம் அதற்குள் போனதோ!

அப்பா தொட்டியிலிருந்து பருமனான சவுக்குக் கட்டைகளை அனுப்பி வராண்டா உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "எம் பொண்ணு படிக்கிற எடம்" என்றார். அந்தக் கட்டைகளின் பட்டையை உரித்து உரித்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதில் பொம்மை செய்தார்கள்.

பொங்கலுக்கு முன்னால் இன்ஜினீயர் வருகிறார் என்று தெரிந்தது. பெரிய டீச்சருக்கு அன்று உதித்த யோசனையை இப்போது நினைத்தாலும் எனக்குப் பாதி சிரிப்பும் பாதி வயிற்றெரிச்சலும் வருகிறது. 'உலக நாடுகளின் பள்ளிக்கூடங்கள்' என்று ஒரு கண்காட்சி. சுவரெல்லாம் பெரிய பெரிய படம். எந்தச் சுவர் என்று கேளுங்கள். எங்கெல்லாம் விரிசலோ அங்கெல்லாம்.

வெறுமே சுண்ணாம்பு அடித்தால் ஈரத்தில் ஒரே நாளில் விரிசல் மேலே வந்துவிடும். படம் மாட்டினால் தெரியாது, பள்ளிக்கூடமும் முன்னேறின மாதிரி இருக்கும். அதனால் பெரிய டீச்சர் கையில் பிரம்போடு சுவர் சுவராக நடந்து நாடுகளைப் பங்கு போட்டார். விரிசலுக்குத் தகுந்த நாடு. எட்டாம் வகுப்பு வாசல் மேலே குறுக்கே ஓடியதற்கு ரஷ்யா, அதுதான் நீளமான தேசம். மூலையில் இருந்த சின்னக் கீறலுக்கு இங்கிலாந்து. குதிரை வளையத்தின் பக்கத்தில் செங்குத்தாக இறங்கியதற்கு தென் அமெரிக்காவிலிருந்து ஏதோ ஒரு ஒல்லி நாடு. அந்த நாட்டில் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாததால் மலையும் சூரியனும் வரைந்தோம். வராண்டாவின் சாய்வு விரிசலுக்கு ஜப்பான். அதுவே பெரிய விரிசல். அக்காவின் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அது அவளுக்கு.

பழுப்புக் காகிதத்தை அம்மாவின் கிழிந்த புடவையின் மேல் மைதாப் பசையால் ஒட்டி, வெயிலில் காய வைத்து, அக்கா ஜப்பானை எழுதத் தொடங்கினாள். விஷயத்துக்கு எங்கே போவது? எங்கள் தெருக்கோடியில் கப்பல் பாய் இருந்தார். கப்பலில் சமையல்காரராகப் பல தேசம் சுற்றிவிட்டு வந்து, பேட்டையில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அக்கா கடைக்குப் போய்க் கேட்டாள். நானும் கூடப் போனேன், வெல்லம் கிடைக்கும் என்று.

"ஜப்பானா? அங்க இஸ்கூலு பசங்களே தரைய கழுவிக்கினு கீதுங்க பாப்பா. ஆயா கீயா ஒருத்தரும் கெடையாது. நான் கண்ணால பாத்துக்கினேன்" என்றார் பாய்.

"வேற என்னா பாத்தீங்க?"

"தரை ஆடும். டபால்னு ஆடும். ஆடுச்சுன்னா மணி அடிப்பான். பசங்க மேசைக்கு அடியில பூந்துக்கும். நின்னதும் லைனா மைதானத்துக்கு வந்துடும். அப்பால பெரியவங்க உள்ள போயி சுவர தட்டிப் பாப்பாங்க. கட்டடம் நல்லா கீதுன்னு சொன்னாத்தான் புள்ளைங்க உள்ள போவும். இல்லாங்காட்டி மரத்தடிலயே பாடம்."

"பரீட்சை இருந்தாக்கூடவா?"

"இன்னா பாப்பா நீ! புள்ள பொழைச்சாத்தானே பரீட்சை எழுதும்?"

அக்கா அதை வீட்டுக்கு வந்து அப்படியே நல்ல தமிழாக்கி எழுதினாள். பாயின் பேச்சு எதுவும் தெரியாத அளவுக்குப் புத்தகத் தமிழாக்கிவிட்டாள். எனக்குக் கொஞ்சம் வருத்தம், அந்த 'டபால்' நன்றாக இருந்தது.

இன்ஜினீயர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பாவின் கட்டைவண்டி சவுக்குக் கட்டைகளோடு வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தது. அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்ப்பா கட்டைங்க திரும்பி வந்துடுச்சு?"

"டீச்சரம்மா எடுத்துக்கினு போவச் சொல்லிட்டாங்க. முட்டுக் கொடுத்திருந்தா கட்டடம் கெழடுன்னு ஆபீசருக்குத் தெரிஞ்சுடுமாம். அதுவும் கரெக்ட்டுதானே?"

"அப்ப உத்தரத்த எது தாங்கும்?"

"அட, ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆவாது. அவரு போனதும் திருப்பி நட்டுடலாம். நீ துன்னு."

அக்கா தட்டில் மிச்சம் வைத்தாள். எங்கள் வீட்டில் சோறு மிச்சம் வைத்தால் திட்டு விழும். அன்று யாரும் கவனிக்கவில்லை. எல்லோருக்கும் ஒன்பதாம் வகுப்பு நினைப்பு. பெரிய டீச்சரும் அப்பாவும் இரண்டு பேருமே அவளுக்காகத்தான் இதைச் செய்தார்கள் என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறாத விஷயம். ஒரு பெண் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, அவள் தலைக்கு மேல் உத்தரத்தைத் தாங்கிய கட்டைகளை எடுத்தார்கள்.

மறுநாள் இன்ஜினீயர் வந்தார். மெலிந்த மனிதர், வெள்ளைக் கால்சட்டை, கையில் குடை. பெரிய டீச்சர் பட்டுப் புடவையில் இருந்தார். கோலி சோடா, பிஸ்கட், பூச்செண்டு. இன்ஜினீயர் அதட்டுவார் என்று பயந்துகொண்டிருந்தோம். அவரோ படங்களைப் பார்த்ததும் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். ரஷ்யாவை முழுசாகப் படித்தார். ஒல்லி நாட்டின் சூரியனைப் பார்த்து, "அருமையா வரைஞ்சிருக்கீங்களே" என்றார். சுவரைத் தட்டிப் பார்க்கவே இல்லை. பெரிய டீச்சரின் முகம் நேரம் ஆக ஆக மலர்ந்துகொண்டே வந்தது.

கடைசியில் வராண்டா. எங்களையெல்லாம் முற்றத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஜப்பானுக்குக் கீழே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்து 'ஆ' எழுதிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் அக்கா, எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல்.

"இது எந்த நாடும்மா? சொல்லு, கேட்போம்."

அக்கா கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தாள். "ஜப்பான் தேசத்தில் மாணவர்களே பள்ளியைத் தூய்மை செய்கின்றனர். அங்கு அடிக்கடி நிலம் அதிரும். அப்போது மாணவர்கள் மேசைக்கு அடியில் பதுங்கிக்கொள்வர். அதிர்வு நின்றதும் வரிசையாக வெளியேறுவர். கட்டடம் நலமாக உள்ளது எனப் பெரியவர்கள் சோதித்துக் கூறிய பின்னரே உள்ளே செல்வர்."

"வெரிகுட். நல்லவேளை, நம்ம தாம்பரத்துல பூமி அதிர்றதில்ல" என்று சிரித்தார். பெரிய டீச்சரும் சிரித்தார். நாங்களும் சிரித்தோம், பெரியவர்கள் சிரித்தால் சிரிக்க வேண்டும் என்பது அன்றைய ஒழுங்கு. "டீச்சர், எனக்குப் பரம திருப்தி. சாயந்திரமே எழுதி அனுப்பிடறேன்."

அப்போது செங்கல்பட்டுப் பக்கம் போகிற வண்டி ஒன்று போயிற்று. தரை லேசாக நடுங்கியது. மேலேயிருந்து சுண்ணாம்புப் பொடி உதிர்ந்தது. கீழே உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண், தலையில் விழுந்ததைத் தட்டிவிட்டு, சிலேட்டை 'பூ' என்று ஊதிவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அக்கா அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இன்ஜினீயர் குடையை எடுத்துக்கொண்டு படியில் கால் வைத்துவிட்டார்.

"சார்" என்றாள் அக்கா. "ஜப்பானுக்குப் பின்னால பாருங்க சார்."

அவருக்குப் புரியவில்லை. அக்கா தானே படத்தின் கீழ்முனையைப் பிடித்துத் தூக்கினாள். அவர் திரும்பி வந்தார். விரிசலுக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். பிறகு குடையின் நுனியை விட்டார், அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது. நிமிர்ந்து உத்தரத்தைப் பார்த்தார். தரையில் சவுக்குக் கட்டைகள் நின்ற வட்டத் தடங்களைப் பார்த்தார். திரும்ப உள்ளே போய் ரஷ்யாவைத் தூக்கினார், இங்கிலாந்தைத் தூக்கினார், மலையையும் சூரியனையும் தூக்கினார்.

"டீச்சர், முதல்ல இந்த வராண்டாக் குழந்தைங்களை மரத்தடிக்கு அனுப்புங்க. இப்பவே" என்றார்.

ஒன்றாம் வகுப்பு, லீவு விட்டுவிட்டார்கள் என்று கூச்சல் போட்டுக்கொண்டு ஓடியது. பெரிய டீச்சர் அக்காவை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. வராண்டாப் படியில் பட்டுப் புடவையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"உனக்காகத்தானேடி செஞ்சேன்" என்றார்.

"தெரியும் டீச்சர்" என்றாள் அக்கா. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

கட்டடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பரீட்சை முடிகிற வரை எல்லா வகுப்பும் ஓலைக் கொட்டகைக்கு மாறியது. ஜூன் முதல் ஐந்தாம் வகுப்புக்கு மேல் இருந்த வகுப்புகளை மேற்குத் தாம்பரத்து உயர்நிலைப் பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு என்கிற பேச்சே போய்விட்டது. அக்கா ஓலைக் கொட்டகையில் எட்டாவது பரீட்சை எழுதி முடித்தாள், பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தாள். அப்பா பூந்தி வாங்கி வந்தார். "போதும்மா. எங்க வம்சத்துலயே இவ்ளோ படிச்சது நீதான்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். அக்கா ஒரு பூந்தியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

இதில் இன்னொரு கொடுமை கேளுங்கள். அந்தக் கட்டடம் விழவில்லை. அடுத்த மழைக்கு விழும் என்றார்கள், விழவில்லை. பழைய பேப்பர் குடோன் ஆயிற்று, தேர்தலுக்குத் தேர்தல் கட்சி ஆபீஸ் ஆயிற்று, ஆட்டோக்காரர்கள் மழைக்கு ஒதுங்கும் இடம் ஆயிற்று. வருஷக்கணக்காக அக்காவைப் பார்க்கிறவர்களெல்லாம், "இன்னாம்மா, வுழும்னு சொன்ன, கல்லாட்டம் நிக்குது? உம் படிப்புதான் வுழுந்துச்சு" என்று கிண்டல் செய்தார்கள். கல்யாணத்தின்போதுகூட ஒரு உறவுக்காரர் சொன்னார். எனக்கு அவர் பல்லைத் தட்ட வேண்டும் போல இருந்தது.

அதை இடித்தது போன மாதம்தான். அக்கா இப்போது சேலையூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். முழங்கால் வலி. நான் ஆட்டோ வைத்து அழைத்துக்கொண்டு போனேன். இடிக்கிற இயந்திரம் திணறிக்கொண்டிருந்தது. வேடிக்கை பார்த்த ஒருவர், "அந்தக் காலத்துக் கட்டடம்மா, என்னா ஸ்ட்ராங்கு!" என்று சத்தமாகப் பாராட்டினார். எனக்கு மனசு தாங்கவில்லை.

"கேட்டியாக்கா? நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா டீச்சர் ஆகியிருப்பே" என்றேன்.

"விழலன்னா நல்லதுதானேடி?" என்றாள் அக்கா. "விழணும்னா சொன்னேன்? அது நிக்குமா விழுமான்னு அன்னைக்கு யாருக்குத் தெரியும்? அந்தக் குட்டி ஊதிட்டு எழுதறா. என்னால பார்த்துக்கிட்டு நிக்க முடியல."

பிறகு தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆட்டோவில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவ்வளவுதான். நம் கூட்டத்தில் யாருடைய நாட்டுப் பள்ளிக்கூடம் உசத்தி என்று நீங்கள் கேட்கிறபோதெல்லாம் நான் பேசாமல் வருவதற்கு இதுதான் காரணம். கப்பல் பாய் சொன்ன ஜப்பானை முழுசாக நம்பிய ஒரே ஆள் என் அக்கா.

அக்காவின் படிப்பு நின்றதோடு கதை முடிந்துவிட்டது என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். மிச்சம் ஒன்று இருப்பது அன்று ஆட்டோவில் திரும்புகிறபோதுதான் என் மண்டைக்கு எட்டியது. ரயில்வே கேட் இருந்த பக்கம் கையைக் காட்டி, "மழையில இங்க வழுக்கும், உன் கையை இறுக்கிப் பிடிச்சுப்பேன்" என்றாள் அக்கா. அவள் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அந்த ஜூன் மாதம் நான் ஆறாவது. மேற்குத் தாம்பரத்து உயர்நிலைப் பள்ளி. நான் சின்னவள் என்பதால் அப்பா தடை சொல்லவில்லை. "தனியா எப்படிப் போவா?" என்று அம்மா கேட்டதற்கு, "ஏன், பெரியவ சும்மாதானே கீறா? இட்டுக்கினு போயி வுட்டுட்டு வரட்டும்" என்றார். அதில் ஏதாவது இடிக்கிறது என்று அப்பாவுக்கும் தோன்றவில்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை. எனக்கோ அக்கா கூட வருகிறாள் என்கிற சந்தோஷம்.

தினமும் காலையில் அப்பா வாசலில் நின்று சொல்வார். "கேட்டு போட்டிருந்தா நின்னுக்கோ. ரெண்டு பக்கமும் பாரு. சின்னவ கைய வுட்டுடாத." அக்கா என் பையையும் தானே சுமந்துகொண்டு வருவாள். பள்ளிக்கூட வாசலில் பையை என் தோளில் மாட்டி, பின்னலை இழுத்துச் சரி செய்வாள். அவளோடு எட்டாவது படித்த பையன்கள் ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களோடு எங்களைத் தாண்டி உள்ளே போவார்கள். மணி அடித்ததும் நானும் ஓடிவிடுவேன். அக்கா திரும்பி, தண்டவாளத்தைத் தனியாகத் தாண்டி வீட்டுக்குப் போவாள்.